கேள்வி கேட்ட பிறகுதான் மாத்திரை: எங்கள் பக்கத்து மெடிக்கல்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் லாரன்ஸ் ரோடு பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மெடிக்கல் இருக்கிறது. ஒரு ஷட்டர் அகலம்தான். அதை நடத்தும் பார்மசிஸ்ட் அக்காவைப் பற்றி எழுத வேண்டும் என்று போன கார்த்திகையிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

“காய்ச்சலுக்கு மூணு வேளைக்குக் குடுங்க” என்றால், கலர் கலராக நாலு மாத்திரையைக் காகிதக் கவரில் போட்டுத் தருவதுதான் நான் பார்த்துப் பழகியது. இந்த அக்கா அப்படிக் கவரைத் தொட மாட்டார். யாருக்கு, எத்தனை வயசு, எத்தனை நாளாக, சுகர் பிரஷருக்கு ஏதாவது சாப்பிடுகிறார்களா, வயிற்றுப்புண் உண்டா, எல்லாம் கேட்பார். முதல் தடவை எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. தைக்க வேண்டிய துணி மலைபோலக் குவிந்திருக்கிறது, இவர் என்ன விசாரணை நடத்துகிறார் என்று தோன்றியது.

என் சின்ன மகளுக்கு அப்போது 2 வயசு. வேறொரு கடையில் வாங்கிய காய்ச்சல் சிரப் தீர்ந்துபோய், காலி பாட்டிலோடு இங்கே வந்தேன். அக்கா பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல எவ்ளோ குடுத்தீங்க?” என்றார். எப்போதும் போல 5 மில்லி என்றேன். பாப்பாவை எடை மெஷினில் நிற்க வைத்தார். 12 கிலோ. பிறகு இரண்டு பாட்டிலை எடுத்து மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஒரே கம்பெனி, ஒரே மாதிரிப் பெட்டி. ஒன்றில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் பாராசிட்டமால், மற்றதில் 250. கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம்தான் ஒரு வேளை அளவு, அப்படியென்றால் இவளுக்கு 180ஐத் தாண்டக் கூடாது. நான் கொடுத்துக்கொண்டிருந்தது 250. “கைக்குழந்தைக்குக் குடுக்கற சொட்டு மருந்து இன்னும் கெட்டி. அதுல ஒரு மில்லியிலயே 100 இருக்கும். பாட்டில் மாறினா அளவும் மாறும்மா” என்றார். எத்தனை வேளை கொடுத்தேன் என்று கேட்டுக் கணக்குப் பார்த்து, பயப்பட வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பாட்டிலை விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வயிற்றுப்போக்கு என்று போனால் அவர் முதலில் எடுப்பது ஓஆர்எஸ் பாக்கெட். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும், டம்ளர் டம்ளராகக் கொஞ்சம் கொஞ்சம் கொட்டக் கூடாது என்று பாட்டிலைக் காட்டியே சொல்வார். சிவப்புக் கோடு போட்ட ஆன்டிபயாடிக் அட்டையைச் சீட்டு இல்லாமல் யார் கேட்டாலும் கிடையாது. அது ஹெச்1 என்கிற, கூடுதல் கட்டுப்பாடு உள்ள பட்டியலில் இருக்கும் மருந்தாக இருந்தால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை கொடுத்தார் என்று தனி நோட்டில் எழுதுகிறார். 2014லிருந்து அதுதான் சட்டம், நோட்டை 3 வருஷம் வைத்திருக்க வேண்டும்.

என் மாமியாருக்கு 15 வருஷமாகச் சுகர். செருப்புக் கடித்துக் கட்டைவிரல் ஓரம் கொப்புளம். “வலியே இல்ல, ஒரு களிம்பு குடுங்க” என்று அவரே வந்து கேட்டார். அக்கா காலை ஸ்டூலில் வைக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தார். “வலிக்கலன்னு சொல்றீங்க பாருங்க அம்மா, எனக்கு அதுதான் பயம். சுகர்ல கால் மரத்துப்போனா புண்ணு வலி தெரியாது. களிம்பு நான் தரல. இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க.” இருபது முப்பது ரூபாய் வியாபாரத்தை விட்டுவிட்டுத்தான் இதைச் சொன்னார்.

கார்த்திகையில் நடந்ததைச் சொல்கிறேன். அடை மழை. என் 7 வயசுப் பையனுக்குக் காய்ச்சல். அக்கா பாராசிட்டமால் மட்டும் கொடுத்தார். இபுப்ரொஃபென் கலந்தது சீக்கிரம் கேட்கும் என்று யாரோ சொன்னார்களே என்றேன். டெங்கு நடமாட்டம் இருக்கிறது, டெங்குவாக இருந்தால் இபுப்ரொஃபென் ரத்தக் கசிவைக் கூட்டும், வேண்டாம் என்றார். இரண்டு நாளில் விடாவிட்டால் ரத்தம் பார்க்கச் சொன்னார். மழையில் அதைத் தள்ளிப்போட்டேன். என் தப்புதான். நாலாம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்துவிட்டது. வாந்தி மட்டும் இருந்தது. வாந்தி மருந்து வாங்க நிம்மதியாகத்தான் போனேன்.

அக்கா அலமாரிப் பக்கமே போகவில்லை. “வயிறு வலிக்குதுன்னானா? கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?” யோசித்துப் பார்த்தேன். நேற்று ராத்திரிக்குப் பிறகு போகவே இல்லை. வயிறும் வலிக்கிறது என்றுதான் சுருண்டு படுத்திருந்தான். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம், ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மருந்துக் கவரின் பின்பக்கம் ஏதோ எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் ஆரம்பித்த தேதி, கொடுத்த மருந்து, கடைசி வேளை எத்தனை மணிக்கு, வாந்தி எத்தனை தடவை, சிறுநீர் போகாதது எத்தனை மணி நேரம், எடை 20 கிலோ. ஆட்டோவையும் அவரே கைதட்டிக் கூப்பிட்டார். கெடிலம் பாலம் தாண்டி மஞ்சக்குப்பம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தக் கவரை வாங்கிப் படித்ததும் டூட்டி டாக்டர் உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். டெங்குதான். 3 நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். பையன் இப்போது நன்றாக இருக்கிறான். அந்தக் கவரைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

குறையும் உண்டு. பெரிய கடைகளில் கிடைக்கிற தள்ளுபடி இங்கே கிடையாது. சில மருந்துகளுக்கு ஒரு நாள் காத்திருக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் இவ்வளவு கேட்பதால் மாலை 7 மணிக்குக் கூட்டம் சேர்ந்துவிடும், அவசரக்காரர்கள் முணுமுணுப்பார்கள். மதியம் 2 மணியிலிருந்து 4:30 வரை கடை மூடல். ஞாயிறு காலை மட்டும்தான்.

குழந்தைக்கு மருந்து வாங்கப் போனால், முடிந்தால் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் இருக்கும் பழைய பாட்டிலையும் எடுத்துப் போங்கள். எடை மெஷின் கல்லாவுக்கு இடது பக்கம் இருக்கிறது.