தேய்ந்த ஷூவுக்குப் புது சோல்: தோலா, ரப்பரா, தோல்மேல் ரப்பரா?

நல்ல தோல் ஷூவின் சோல் தேய்ந்துவிட்டால் மூன்று வழிகள் இருக்கின்றன. முன்பு இருந்ததுபோலவே தோல் சோல் தைப்பது ஒன்று. தோலே வேண்டாம் என்று முழு ரப்பர் சோல் தைப்பது இன்னொன்று. தோல் சோல் தைத்து, அதன் முன்பாதியில் மட்டும் மெல்லிய ரப்பர் ஒட்டிக்கொள்வது மூன்றாவது. சென்னையில் அலுவலகத்துக்குப் போட்டுப் போகும் என் பழுப்பு நிற டெர்பி ஷூவுக்கு நான் மூன்றாவதைத்தான் செய்தேன். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பேச்செல்லாம் வெல்ட் வைத்துத் தைத்த ஷூவுக்கு மட்டும். மேல்தோலின் அடிவிளிம்பைச் சுற்றி ஒரு தோல் பட்டை ஓடும், அதுதான் வெல்ட். அதை மேல்தோலோடும் உள்சோலோடும் இணைப்பது ஒரு தையல். வெளிச்சோலை வெல்ட்டோடு இணைப்பது வேறொரு தையல். அந்த இரண்டாவது தையலை மட்டும் அறுத்தால் சோல் கையோடு வந்துவிடும், மேல்தோலுக்கு ஒன்றும் ஆகாது. ரப்பரை உறுதியாக்கும் 'வல்கனைஸ்' முறையைக் கண்டுபிடித்த சார்லஸ் குட்இயரின் மகன் பெயரில் 1870களில் இதற்கான இயந்திரம் வந்தது. 'குட்இயர் வெல்ட்' என்ற பெயர் அப்படி நின்றதுதான். இங்கிலாந்தின் ஷூ ஊரான நார்தாம்ப்டனின் கம்பெனிகள் இதை வைத்தே பேர் வாங்கின. ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத் தொழிற்சாலைகளிலும் ஏற்றுமதிக்காக இதே முறையில் ஷூ தைக்கிறார்கள்.

உங்களுடையது எந்த வகை என்று பார்ப்பது சுலபம். உள்ளே கிடக்கும் மெல்லிய துண்டைத் தூக்கிப் பாருங்கள். உள்சோலில் நூல் வரிசை தெரிந்தால் அது பிளேக் தையல், லைமன் பிளேக் 1858-ல் காப்புரிமை வாங்கிய முறை. அதற்கும் சோல் மாற்றலாம், ஆனால் ஷூவுக்குள் கை நீட்டித் தைக்கும் தனி இயந்திரம் வேண்டும். உள்ளே நூலே இல்லை, வெளியே ஓரத்தில் மட்டும் அழகான தையல் ஓடுகிறது என்றால் வெல்ட்டாக இருக்கலாம், ஆனாலும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். பசையில் ஒட்டிய சோலின்மேல் அலங்காரத்துக்காகத் தையல் போட்டு விற்பது சகஜம்.

முதலில் வெறும் தோல் சோல். அதன் பெருமையைப் பலரும் பாடிவிட்டார்கள், நான் சுருக்கமாகவே முடித்துக்கொள்கிறேன். ஜெர்மனியின் ரெண்டன்பாக், இங்கிலாந்தில் டெவன் பகுதியின் காலிட்டன் ஊரிலுள்ள பேக்கர் பதனிடும் தொழிற்சாலை என்று சில பெயர்களை ஷூ பைத்தியங்கள் மந்திரம்போலச் சொல்வார்கள். ஓக் மரப்பட்டையில் மாதக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்ட கெட்டித் தோல் அது. மரப்பட்டைப் பதனீடு நமக்கும் புதிதல்ல. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட ஊர்கள் நம்முடையவை. தோல் சோல் சில வாரங்களில் காலின் வளைவுக்கு இணங்கிவிடும். எடை குறைவு. பக்கவாட்டில் பார்த்தால் ஷூ மெலிந்து, எடுப்பாக இருக்கும்.

ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம்மூர் நிலைமை தெரிந்ததுதானே. நனைந்த தோல் இளகும். இளகிய தோலோடு கரடுமுரடான சாலையில் நடந்தால் காய்ந்த தோலைவிட வேகமாகத் தேயும். வெயிலில் வைத்துக் காயவைத்தால் விறைத்து வெடிக்கும். பக்கவாட்டில் சாய்த்து, அடியிலும் காற்று படும்படி நிழலில் வைத்து, பொறுமையாகக் காயவைக்க வேண்டும். இது போக, புதுத் தோல் சோலோடு பளிங்குபோல மின்னும் டைல்ஸ் தரையில் கால் வைத்தால் கொஞ்ச நாளைக்குக் கைப்பிடிச் சுவர் தேடித்தான் நடக்க வேண்டும். வெறும் தோல் என் கணக்கில் இத்தோடு வெளியே போய்விட்டது. வீட்டு வாசலில் காரில் ஏறி அலுவலக வாசலில் இறங்குபவர் வேறு முடிவுக்கு வரலாம்.

அடுத்தது முழு ரப்பர். இதுதான் கடும் போட்டி. இங்கிலாந்தில் மார்க்கெட் ஹார்பரோ என்ற ஊரிலுள்ள ஹார்பரோ ரப்பர் கம்பெனியின் டைனைட் சோல் இதில் பிரபலம். அடிப்பக்கம் வட்ட வட்டமாகச் சின்னக் குமிழ்கள். ஓரத்திலிருந்து பார்த்தால் அவை தெரியாது, தோல் சோல் என்றே தோன்றும். மழைக்கு அசராது, எளிதில் வழுக்காது, வெறும் தோலைவிட நெடுநாள் உழைக்கும். தைத்து மாட்டிக்கொண்டால் அடுத்த சில வருஷங்களுக்கு சோல் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடலாம். கொஞ்சம் கனம் கூடும், மெல்லிய ஆக்ஸ்ஃபோர்டு ஷூவுக்குப் போட்டால் அதன் ஒயில் போய்விடும். அவ்வளவுதான் குறை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ரப்பர் என்ற பெயரில் பாலியூரித்தேன் சோலைத் தலையில் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றின் ஈரத்தை இழுத்து, வேதி அளவில் உடைந்து, போடாமல் வைத்திருந்தாலும் சில வருஷங்களில் பிட்டுப் பிட்டாக உதிரும் பொருள் அது. கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவை நாலைந்து வருஷம் கழித்து அலமாரியிலிருந்து எடுத்து மாட்டியதும் வாசல் வரை கறுப்புத் தூளாக உதிர்ந்ததைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். கடற்கரை ஊரின் புழுக்கத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

அப்படியானால் டைனைட் மாதிரி ஒன்றையே போட்டுவிடலாமே என்று கேட்கலாம். போடலாம். என்னை மாற்றியது வெல்ட்.

சோல் மாற்றும்போது பட்டறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில் ஹீலைப் பெயர்த்து எடுப்பார்கள். வெல்ட்டுக்கும் சோலுக்கும் இடையே கத்தியைச் செருகித் தையலை அறுப்பார்கள். சோலை உரித்தால் உள்ளே காலடி வடிவத்தில் அமுங்கிக் கறுத்த கார்க் தெரியும். அதைச் சுரண்டிவிட்டுப் புதுக் கார்க் நிரப்புவார்கள். நடுவில் வளைவைத் தாங்கும் ஷேங்க் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புது சோலை ஒட்டி, விளிம்பைச் செதுக்கி, மறுபடி இயந்திரத்தில் தைப்பார்கள். இந்தக் கடைசி வேலையில்தான் விஷயமே இருக்கிறது. கைத்தையல்காரர் என்றால் குத்தூசியால் பழைய ஓட்டைகளைத் தேடிப்பிடித்து அவற்றிலேயே நூலைக் கோக்கலாம். இயந்திரத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. பழைய ஓட்டைக்குப் பக்கத்தில் புது ஓட்டை போட்டுக்கொண்டே போகும். ஒவ்வொரு முறை சோல் மாற்றும்போதும் வெல்ட் இன்னும் கொஞ்சம் தபால்தலையின் ஓரம்போல ஆகிறது. நாலாவது ஐந்தாவது முறைக்குள், சில சமயம் அதற்கும் முன்பே, அந்த வரிசையோடு கிழிந்து வரும்.

கிழிந்தால் வெல்ட்டையே மாற்றலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது முதல் தையலையும் பிரிக்கிற வேலை. இயந்திரத்தில் தைத்த பெரும்பாலான ஷூக்களில் உள்சோலின் அடியில் துணிப்பட்டை ஒன்றைப் பசையால் ஒட்டி, அதில்தான் வெல்ட்டைத் தைத்திருப்பார்கள். பிரிக்கும்போது அந்தத் துணியும் கழன்றுகொண்டால் பிரச்சினை பெரிதாகும். ஷூ எந்த லாஸ்ட்டில் (கால் வடிவ அச்சில்) உருவானதோ அதே லாஸ்ட்டில் ஏற்றித் தைத்தால்தான் அளவு மாறாமல் வரும். அந்த லாஸ்ட் ஷூவைத் தயாரித்த கம்பெனியிடம் மட்டும்தான் இருக்கும். நார்தாம்ப்டன் கம்பெனிகள் சில தங்கள் ஷூக்களைத் திரும்ப வாங்கி இந்த வேலையைச் செய்து தருகின்றன. அங்கே அனுப்பித் திரும்ப வரவழைக்கும் செலவைக் கூட்டிப் பார்த்தால் உள்ளூரில் புது ஷூவே வாங்கிவிடலாம்.

ஆக, ஒரு வெல்ட் ஷூவின் ஆயுள் அதன் இரண்டாவது தையலை எத்தனை முறை பிரிக்கிறோம் என்பதில் இருக்கிறது. மேல்தோலுக்கு பாலீஷ் போட்டுப் பல வருஷம் ஓட்டலாம். ஹீலின் கடைசி அடுக்கை வெல்ட்டைத் தொடாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். வெல்ட் அப்படியில்லை, அதற்கு எண்ணிக்கை உண்டு. வெறும் தோல் சோல் அந்த எண்ணிக்கையைச் சீக்கிரம் தீர்க்கிறது. முழு ரப்பர் மெதுவாகத் தீர்க்கிறது, ஆனாலும் அது தேய்ந்ததும் தையலைப் பிரித்தே ஆக வேண்டும். தோல்மேல் ஒட்டிய ரப்பரில் தேய்வதெல்லாம் ரப்பர்தான். அது தேய்ந்தால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம், தையல் அப்படியே கிடக்கும். ரப்பர் முழுதாகத் தேய்ந்து தோல் தெரிய ஆரம்பிக்கும் முன் கவனித்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

இன்னொரு வசதியும் இருக்கிறது. வெல்ட் தையலைச் சரியாகப் போடும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் நம்மூரில் குறைவு, தேடித்தான் போக வேண்டும். மெல்லிய ரப்பர் ஒட்டுவதை நல்ல கை உள்ள தெருவோரத் தொழிலாளியே செய்துவிடுவார், கூலியும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பிரான்சின் டோப்பி, இத்தாலியின் வைப்ரம் போன்ற கம்பெனிகள் இதற்கென்றே ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனத் தகடுகளைச் செய்கின்றன. வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்.

ஆனால் ஒட்டுகிற விதத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். தோல் சோலின் வழவழப்பான மேற்பரப்பை அரத்தாலோ உப்புத்தாளாலோ நன்றாகச் சொரசொரப்பாக்க வேண்டும். வழவழப்பின்மேல் எந்தப் பசையும் நிற்காது. சொல்யூஷனைத் தோலிலும் ரப்பரிலும் தனித்தனியாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்கு உலரவிட வேண்டும். பத்து நிமிஷத்துக்கு மேலேயே ஆகும். நம் ஆட்கள் அவசரத்தில் இந்த இடத்தைத்தான் தாண்டிவிடுவார்கள். ஈரத்தோடு ஒட்டியது முதல் மழையிலேயே நுனிவிரல் பக்கம் வாய் பிளக்கும். ஒட்டிய பிறகு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போக வேண்டும். அப்புறம், பாதத்தின் நடுப்பகுதியில் ரப்பர் முடிகிற விளிம்பைக் கத்தியால் சரிவாகச் சீவச் சொல்லுங்கள். தடித்த விளிம்பு இருந்தால் படிக்கட்டில் உரசி அங்கிருந்து உரியத் தொடங்கும். அன்றைக்கே மாட்டிக்கொண்டு கிளம்பாமல் ஓர் இரவு விட்டுவிடுவது நல்லது.

எப்போது ஒட்டுவது என்பதிலும் இரண்டு கட்சிகள் உண்டு. புது சோலிலேயே ஒட்டச் சொல்வார்கள் சிலர். நான் காய்ந்த நாட்களாகப் பார்த்துக் கொஞ்ச நாள் நடந்து, சோல் வளைய வேண்டிய இடத்தில் வளைந்த பிறகுதான் ஒட்டக் கொடுத்தேன். விறைப்பான தோலில் ஒட்டினால் முதல் வளைவிலேயே ரப்பர் இழுபடும் என்று பட்டறையில் சொன்னது சரியாகவே பட்டது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது, ரப்பர் ஒட்டினால் தோல் மூச்சுவிடாது, வியர்வை உள்ளேயே தங்கும் என்பது. எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. காலுக்கும் வெளிச்சோலுக்கும் நடுவே உள்சோல், கார்க், பசை என்று இத்தனை அடுக்குகள் இருக்கின்றன. வியர்வையைக் குடிப்பது பெரும்பாலும் உள்சோலும் லைனிங்கும்தான், அவை காய்வது ஷூவின் வாய் வழியாக. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு, கழற்றியதும் உள்ளே சிடார் கட்டையோ, அது இல்லாவிட்டால் கசக்கிய செய்தித்தாளோ வைத்தால் நாற்றமும் இல்லை, பூஞ்சையும் இல்லை. இன்னொரு குறை நிஜமானது: பழைய ரப்பரை உரிக்கும்போது தோலின் மேலடுக்கும் கொஞ்சம் பிய்ந்து வரும், மறுபடி உரசும்போது இன்னும் கொஞ்சம் போகும். ஒரே தோல் சோலில் பலமுறை மாற்றினால் எப்படி நிற்கும் என்று சொல்லும் அளவுக்கு என் ஷூவுக்கு இன்னும் வயதாகவில்லை.

கனமான பூட்ஸ் என்றால் என் வாதம் அத்தனை செல்லாது. மலையேற்றக்காரரான விட்டாலே பிரமானி 1937-ல் கொண்டுவந்த வைப்ரம் சோல் பாறைக்கும் பனிக்கும் பிறந்தது. சேற்றிலும் சரளையிலும் நடக்கிற காலுக்கு ஆழமான பற்கள் வேண்டும், 2 மில்லிமீட்டர் தகடு அங்கே எதற்கும் ஆகாது. வெல்ட் போனாலும் பரவாயில்லை என்று முழு ரப்பரைத் தைத்துவிடலாம். பூட்ஸின் வெல்ட் வழக்கமாகக் கொஞ்சம் தடிமனாகவே இருக்கும், அதுவும் ஓர் ஆறுதல். நான் பூட்ஸ் போடுவது எப்போதாவதுதான், அதனால் இதை அனுபவச் சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதைப் போடுவதானாலும் காலம் தாழ்த்தாதீர்கள். ஷூவைக் கவிழ்த்து, முன்பாதியில் எடை விழும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல்போல இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. மெத்தென்று உள்ளே போனால் தோல் மெலிந்துவிட்டது என்று பொருள், இப்போதே ஒட்டவோ மாற்றவோ கொடுக்கலாம். ஓட்டை விழுந்து கார்க் தெரியும் வரை ஓட்டினால் தண்ணீர் உள்சோல் வரை போகும், பிறகு கூலி வேறு கணக்கில் வரும்.