பி.ஓ.சி.க்யூ.ஐ. பயிற்சித் தொகுப்பு: பி.ஜி.க்களுக்கு எவ்வளவு தூரம் கை கொடுக்கும்?

உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய அலுவலகமும் டெல்லி எய்ம்ஸும் சேர்ந்து உருவாக்கிய பி.ஓ.சி.க்யூ.ஐ. (Point of Care Quality Improvement, சிகிச்சை நடக்கும் இடத்திலேயே தரத்தை உயர்த்தும் முறை) தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. படிகள் நான்கே. பிரச்சினையைத் தேர்ந்து, குழு அமைத்து, இலக்கை எழுதுவது முதல் படி. அடுத்தது காரணத்தை அலசி அளப்பது. பிறகு மாற்றத்தைச் சோதிப்பது, பலன் தந்ததை நிலைக்க வைப்பது. பிரசவ அறையிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் வேலை செய்பவர்களுக்காக எழுதப்பட்டது இது. எம்.டி., எம்.எஸ். படிக்கும் பி.ஜி. (முதுநிலை) மாணவர்களுக்கு அப்படியே நடத்தினால் பாதிதான் பலிக்கும்.

பலம் முதல் படியில் இருக்கிறது. ‘குழந்தைகள் உடல் சில்லிடுவதைக் குறைப்போம்’ என்று எழுதினால் அது இலக்கு ஆகாது. ‘லேபர் வார்டிலிருந்து எஸ்.என்.சி.யு.வுக்கு (பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புச் சிகிச்சைப் பிரிவு) வரும் குழந்தைகளில், சேரும்போது 36.5 டிகிரிக்குக் கீழே இருப்பவர்களை 60 சதவீதத்திலிருந்து 8 வாரத்தில் 30 சதவீதத்துக்குக் கொண்டுவருவோம்’ என்று எழுதினால்தான் யாருக்கு, எவ்வளவு, எப்போதைக்குள் என்பது பிடிபடும். ஒரு மணி நேரமானாலும் இந்த ஒரு வாக்கியத்துக்காகச் செலவிடலாம். இலக்கு தெளிவில்லாமல் தொடங்கிய வேலைதான் பெரும்பாலும் பாதியில் நிற்கிறது.

இரண்டாம் படியில் வரும் மீன்முள் படத்தை (ஒரு பிரச்சினையின் காரணங்களை மீன் எலும்பு போலக் கிளை கிளையாக எழுதும் படம்) பி.ஜி. டியூட்டி ரூமில் தனியாக உட்கார்ந்து வரைந்தால், எல்லா முள்ளும் ‘ஆள் பற்றாக்குறை’யில்தான் முடியும். லேபர் வார்டு ஸ்டாஃப் நர்ஸையும் வார்டு ஆயாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் கதை வேறு. குழந்தை ஏன் சில்லிட்டது? துடைத்த துணியே குளிர்ந்திருந்தது. ஏன்? குழந்தை பிறந்த பிறகுதான் வார்மரை (குழந்தைக்குச் சூடு தரும் கருவி) போட்டார்கள். ஏன்? முன்கூட்டியே போடுவது யார் பொறுப்பு என்று யாருக்கும் சொல்லவில்லை. இதை நாளைக்கே மாற்றலாம், பைசா செலவில்லை. குழுவில் நர்ஸ் இல்லாவிட்டால் திட்டத்தையே தொடங்காதீர்கள் என்று சொல்லுமளவுக்கு இது முக்கியம்.

பி.ஜி.க்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் அளவிடுதல். தீசிஸ் பழக்கத்தில் 200 கேஸ் ஷீட்டைச் சேர்த்து, ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு கம்பம் வரைந்து பி-வேல்யூ (வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் எண்) போட்டுவிடுகிறார்கள். மாற்றம் எப்போது தொடங்கியது, நின்றதா, தானாகவே இறங்கிக்கொண்டிருந்ததா என்று அந்தப் படத்தில் தெரியாது. ரன் சார்ட்டில் தெரியும். வாரத்துக்கு ஒரு புள்ளி, குறுக்கே மீடியன் (நடு மதிப்பு) கோடு. தொடர்ந்து 6 புள்ளிகள் மீடியனுக்கு ஒரே பக்கம் விழுந்தாலோ, 5 புள்ளிகள் விடாமல் ஏறினாலோ இறங்கினாலோ, அது தற்செயல் என்று ஒதுக்க முடியாது. சரியாக மீடியன் கோட்டிலேயே விழுந்த புள்ளியை அந்த 6-ஐ எண்ணும்போது விட்டுவிட வேண்டும். 10 புள்ளியாவது இல்லாமல் இந்த விதிகளைப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை. வாரம் 10 கேஸ் ஷீட் பார்த்தாலே போதும், ஆனால் ஒரு வாரமும் தவறக்கூடாது.

சோதனையும் சிறிதாகவே தொடங்கட்டும்: ஒரு ஷிஃப்ட், ஒரு நர்ஸ், ஒரு பிரசவம். எடுத்த எடுப்பில் வார்டு முழுக்க சர்க்குலர் விட்டால் எது தவறியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ‘பயிற்சி கொடுத்தோம், போஸ்டர் ஒட்டினோம்’ என்பதை மட்டும் மாற்றமாகக் காட்டினால் வழிகாட்டும் ஆசிரியர் ஏற்கக்கூடாது. மாற்றத்தால் வேறு கெடுதல் வருகிறதா என்று பார்க்கும் சமநிலை அளவீட்டையும் வற்புறுத்துங்கள். வார்மரை முன்கூட்டியே போட ஆரம்பித்ததும் 37.5 டிகிரிக்கு மேலே போகும் குழந்தைகள் கூடுகிறார்களா என்று அதே தாளில் எண்ண வேண்டும்.

தொகுப்பு எட்டாத இடம் மருத்துவ அமைப்பு. தெர்மாமீட்டர் ஏன் வரவில்லை என்பதற்கு மீன்முள் படம் பதில் சொல்லாது. இண்டென்ட் (பொருள் கேட்டு எழுதும் சீட்டு) யார் போடுகிறார், ஸ்டோரில் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை என்றால், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தர 1994-ல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகத்தின் பாஸ்புக் முறையை (எவ்வளவு மதிப்புக்கு எடுக்கலாம், எவ்வளவு எடுத்தாயிற்று என்று மருத்துவமனைவாரியாகப் பதியும் முறை) ஃபார்மசிஸ்டிடம் உட்கார்ந்து ஒரு மதியம் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். பி.ஜி.க்கள் மாவட்ட மருத்துவமனையில் வேலை செய்யும் மூன்று மாத மாவட்ட ரெசிடென்சியை இதற்குத்தான் பயன்படுத்த வேண்டும். வெறும் ஓ.பி. டியூட்டியாக அது கரைந்துபோவது பெரிய இழப்பு.

ஆர்த்தோ, சர்ஜரி, மெடிசின் துறைகள் தங்கள் சொந்த உதாரணத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டியிருக்கும். தோலைக் கீறுவதற்கு முன் ஆன்டிபயாட்டிக் எத்தனை நிமிடத்தில் போகிறது என்பது நல்ல தொடக்கம். அனஸ்தீசியா சார்ட்டில் இரண்டு நேரமும் எழுதப்பட்டிருக்கும்.

போஸ்டிங் 2 மாதத்தில் மாறிவிடும் என்பதால் பயிற்சியை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். பழைய 10 வாரத்துப் புள்ளிகளைக் கேஸ் ஷீட்டிலிருந்து அந்த வாரமே எடுத்துவிடலாம். கடைசி வாரம் புதிதாக எதையும் சோதிக்க வேண்டாம். ரன் சார்ட், நடந்த சோதனைகளின் பட்டியல், அடுத்து புள்ளி வைக்கப்போகும் நர்ஸின் பெயர் மூன்றும் ஒரே தாளில் அடுத்த பி.ஜி.யின் கைக்குப் போக வேண்டும்.