30 பேர் வண்டி செய்யும் பெட்டி: சக்கரம் சூப்பர், கூட வரும் தாளைக் கிழித்துப் போடுங்கள்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் மரத்தில் சக்கர வண்டி செய்வதற்கான பெட்டி ஒன்றை எங்கள் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போன மாதம் ஆன்லைனில் வாங்கினேன். 30 பேருக்கான சாமான், 95 பவுண்டு. கடைப் பெயரைப் போடவில்லை, இதே மாதிரிப் பெட்டியை நான்கைந்து பேர் விற்கிறார்கள், உள்ளே இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். வாங்கலாமா என்று மூன்று அம்மாக்கள் கேட்டுவிட்டார்கள், வாட்ஸ்ஆப்பில் துண்டு துண்டாகப் பதில் போட முடியவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. வார நாட்களில் கிழக்கு லண்டனில் ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பு உதவியாளர் வேலை. இங்கே இங்கிலாந்தில் ஓவியம் ஒரு பாடம், டிசைன் அண்டு டெக்னாலஜி இன்னொரு பாடம். இரண்டாவதைச் சுருக்கமாக டிடி என்பார்கள், 1990 முதல் தேசியப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. 2014இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டப்படி பிள்ளைகள் ஒரு பொருளை யோசித்து வரைய வேண்டும், செய்ய வேண்டும், செய்தது உருப்படியா என்று தாங்களே பார்த்துச் சொல்ல வேண்டும். பல்சக்கரம், கப்பி, நெம்புகோல் எல்லாம் இதில் வரும், சமையல்கூட இதில்தான். வந்த புதிதில் நம் ஊர் கிராஃப்ட் பீரியட்தான் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திருநெல்வேலியில் நான் படித்தபோது டீச்சர் ஐஸ் குச்சியில் ஒரு பேனா ஸ்டாண்டு செய்து காட்டினால் நாற்பது பேரும் அதே பேனா ஸ்டாண்டைச் செய்வோம், அதில் எவளுடையது கோணலாக இல்லையோ அவளுக்கு மார்க். இங்கே முதல் கேள்வியே ‘யாருக்காகச் செய்கிறாய், எதற்கு’ என்பதுதான். இந்த வித்தியாசம் பிடிபட எனக்கு ஒரு வருடம் ஆனது.

சரி, பெட்டிக்கு வருவோம். ஒரு செ.மீ. சதுரத்தில் நீள நீளமான மரச் சட்டங்கள், அச்சுக்கு 5 மி.மீ. உருட்டுக் குச்சி, எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) சக்கரம் 120, கெட்டி அட்டையில் வெட்டிய முக்கோணங்கள் ஒரு மூட்டை, சின்ன ஹாக்ஸா ரம்பம் நான்கு, அறுக்கும்போது சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும் பலகை நான்கு. மரம் ஜெலுடாங், மலேசியா பக்கத்து மரம், முன்பு சூயிங் கம்முக்கு இதன் பாலைத்தான் எடுப்பார்களாம். மெத்தென்று அறுபடும், சிலாம்பு அதிகம் வராது, எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல மரம் கிடையாது. இதில் கடைக்காரர் கஞ்சத்தனம் பண்ணவில்லை.

ரம்பம் என்றதும் பயப்படும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அந்தப் பிடிபலகைக்கு முன்னால் ஒரு கட்டை கீழ்நோக்கி இருக்கும், அது மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும். மேலே இன்னொரு கட்டை, சட்டத்தை அதில் அழுத்திப் பிடிக்க. ரம்பத்தை முதலில் தன் பக்கமாக மெதுவாக இரண்டு தடவை இழுத்து மரத்தில் ஒரு சின்னக் கோடு விழவைத்துவிட்டு அப்புறம் அறுக்கச் சொன்னால் அது வழுக்காது. 19 பிள்ளைகள், மூன்று சனிக்கிழமை, ஒரு பிளாஸ்டர்கூட ஒட்டவில்லை. பயந்தது எல்லாம் வாசலில் நின்ற அப்பாக்கள்தான்.

நான்கு துண்டு அறுத்து, செவ்வகமாக வைத்து, மூலைக்கு மூலை மேலும் கீழும் அட்டை முக்கோணத்தைப் பசை போட்டு ஒட்டினால் சட்டகம் தயார். ஆணி வேண்டாம், கனெக்டர் வேண்டாம், காய்ந்தபின் மேலே ஒரு அகராதியை வைத்தாலும் அசையாது. ஆனால் அந்தக் ‘காய்ந்தபின்’ என்பதுதான் விஷயம். பெட்டி மேல் ‘ஒரு மணி நேரத்தில் வண்டி’ என்று பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். வெள்ளைப் பசையில் அது நடக்கவே நடக்காது. சட்டகம் ஒரு வாரம், சக்கரம் அடுத்த வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டால் என்னை மாதிரி முதல் நாளே கையில் பிய்ந்து வரும் நான்கு வண்டியோடும் அழும் இரண்டு பிள்ளைகளோடும் நிற்க வேண்டியிருக்கும்.

இந்தப் பெட்டியில் காசுக்கு நிஜமான மதிப்பு எங்கே என்று கேட்டால் அச்சும் சக்கரமும் சேரும் இடத்தில். சக்கரம் அச்சில் இறுக்கமாக இருந்தால் அச்சு, சட்டகத்தில் அது நுழையும் துளையில் தளர்வாகச் சுழல வேண்டும். அச்சை அசையாமல் ஒட்டிவிட்டால் சக்கரம் தளர்வாக இருக்க வேண்டும். இரண்டும் இறுக்கம் என்றால் வண்டி நகராது, இரண்டும் தளர்வு என்றால் சக்கரம் ஆடி ஆடிக் கழன்று விழும். இதை நான் போர்டில் எழுதிப் போட்டிருந்தால் ஒருவருக்கும் ஏறியிருக்காது. ஒரு சின்னப் பெண், மூன்றாம் வகுப்பு, சட்டகத்தில் அச்சு போகும் துளையாக ஸ்ட்ராவை ஒட்டும்போது பசையைத் தாராளமாக விட்டுவிட்டாள், அது உள்ளே இறங்கி அச்சைப் பிடித்துக்கொண்டது. வண்டி தரையில் தேய்ந்துகொண்டே போகிறது, சக்கரம் சுற்றவில்லை. தூக்கி, விரலால் சக்கரத்தைத் திருகி, கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்து, ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சக்கரத்தின் துளையை உப்புத்தாளைச் சுருட்டி விட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். அச்சு சுற்றாவிட்டால் சக்கரம் சுற்றட்டும் என்று அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள்! நான் புதுக் குச்சி எடுத்துக் கொடுக்கத்தான் போயிருந்தேன், நல்லவேளை கொடுக்கவில்லை.

இனி என் கோபம். பெட்டியோடு ‘உன் வண்டியை நீயே வடிவமை’ என்று 30 தாள் வருகிறது. அதில் வண்டியின் படம் ஏற்கெனவே அச்சாகி இருக்கிறது. சட்டத்தின் அளவும் போட்டிருக்கிறது, 20 செ.மீ. இரண்டு, 8 செ.மீ. இரண்டு. பிள்ளை செய்ய வேண்டியது வண்டிக்குப் பெயர் வைத்து வண்ணம் தீட்டுவது மட்டும். இதற்குப் பெயர் வடிவமைப்பா? என் ஐஸ் குச்சி பேனா ஸ்டாண்டு கப்பலேறி லண்டனுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. முதல் வாரம் நானும் அந்தத் தாளைத்தான் கொடுத்தேன், 19 பேரும் சிவப்பு ரேஸ் கார்.

இரண்டாவது வாரம் ஒரு பையன் வந்து, “டீச்சர், எனக்குக் கார் வேண்டாம். அப்பப்பா வீட்டில ஒரு வண்டில் கிடக்குது, அதைச் செய்யட்டோ?” என்றான். அப்பப்பா என்றால் அப்பாவின் அப்பா. யாழ்ப்பாணத்தில் மாட்டு வண்டிக்கு வண்டில் என்று சொல்வார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். செய்யடா என்றேன், தாளைக் கிழித்துப் போட்டோம். பெட்டிச் சக்கரம் 5 செ.மீ., வண்டிலுக்கு அது தவழும் குழந்தை மாதிரி இருந்தது. பழைய பார்சல் அட்டையில் பெரிய வட்டமாக வெட்டி, ஒன்றின் உள்ளே ஓடும் நெளி வரிகள் நேராகவும் மற்றதன் வரிகள் குறுக்காகவும் வரும்படி இரண்டு இரண்டாக ஒட்டினால் அட்டைச் சக்கரம் மடங்காது. நடுவில் பெட்டிச் சக்கரத்தையே அச்சு நுழையும் குடமாக ஒட்டினான், துளை தளராமல் நின்றது. ஆனால் ஒரே அச்சு, வண்டில் பின்னால் குடை சாய்ந்தது. அச்சைப் பின்னால் தள்ளினான், இப்போது முன்னால் மூக்குக் குத்தியது. மாடு பிடித்துக்கொள்ளும் என்று நுகத்தடியும் அட்டை மாடு இரண்டும் செய்தான், மாட்டின் கால் தரையில் தேய்ந்து வண்டியே நின்றுவிட்டது. கடைசியில் முகத்தை ரொம்ப சீரியஸாக வைத்துக்கொண்டு, மாட்டுக்குச் சக்கரம் வைக்கலாமா என்று கேட்டான். பால் பாட்டில் மூடி நான்கு, சிக்கல் தீர்ந்தது. அன்றைக்கு மற்றப் பிள்ளைகளும் தங்கள் சிவப்புக் காரைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள், ஒரு ஐஸ்கிரீம் வண்டி, பாட்டிக்கு மாத்திரை கொண்டுபோகும் வண்டி ஒன்று, எதற்கென்றே தெரியாத ஆறு சக்கர வண்டி ஒன்று.

சில்லறைக் குறைகள்: அச்சுக் குச்சியில் 7 தடிமனாக இருந்தன, துளையில் போகவில்லை; மெயில் போட்டேன், நான்காம் நாள் மாற்றுக் குச்சி வந்தது, அந்த விஷயத்தில் மரியாதையான ஆட்கள். செய்முறைத் தாள் பொடி எழுத்து, என் கண்ணாடிக்கே சவால். மோட்டார் தனியாக 20 பவுண்டு என்கிறார்கள், வேண்டாம். மோட்டாரை நேராக அச்சில் மாட்டினால் விர்ரென்று சுற்றும், வண்டியை இழுக்கத் தெம்பு இருக்காது, மோட்டாரில் சின்னக் கப்பி, அச்சில் பெரிய கப்பி, நடுவில் ரப்பர் பேண்டு என்று போக வேண்டும். அது ஐந்தாம் ஆறாம் வகுப்புக்கு, அதுவும் பொறுமையுள்ள டீச்சருக்கு.

வாங்கலாமா? பள்ளிக்கு வாங்குகிறீர்கள், ரம்பமும் பிடிபலகையும் இல்லை என்றால் வாங்குங்கள், 5-க்கு 3 கொடுப்பேன். அவை ஏற்கெனவே இருந்தால் மரச் சட்டம், குச்சி, சக்கரம் மட்டும் உதிரியாக வாங்குங்கள், கணக்குப் பார்த்தேன், கிட்டத்தட்ட பாதிக் காசுதான். வீட்டில் ஒரு பிள்ளைக்காக என்றால் எதுவும் வாங்க வேண்டாம். என்னிடம் நாற்பத்துச் சொச்சம் சக்கரமும் ஒரு கட்டுக் குச்சியும் மீதி இருக்கின்றன, சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் வந்தால் தருகிறேன். ரம்பம் மட்டும் கேட்காதீர்கள்.