யெஸ் மினிஸ்டரா, தி திக் ஆஃப் இட்டா?

பிரிட்டிஷ் அரசியல் நையாண்டித் தொலைக்காட்சித் தொடர்களான இந்த இரண்டில் எதை முதலில் பார்ப்பது? எபிசோடுகளுக்கு ரசிகர்கள் தரும் மதிப்பெண் பட்டியலை மட்டும் நம்பி எபிசோடு பொறுக்கினால் ஒன்றில் பிழைப்பீர்கள், மற்றதில் மாட்டிக்கொள்வீர்கள்.

'யெஸ் மினிஸ்டர்' (1980-84) எபிசோடுகள் பெரும்பாலும் தனித்தனிக் கதை. எங்கிருந்தும் ஆரம்பிக்கலாம். 1981இல் வந்த 'தி கம்பாஷனேட் சொசைட்டி'யில் ஒரு மருத்துவமனை: 500 நிர்வாக ஊழியர்கள், நோயாளி ஒருவர்கூட இல்லை. அமைச்சர் ஹேக்கர் பதறுகிறார். அவருடைய துறைச் செயலர் சர் ஹம்ப்ரியோ அது அருமையாக நடக்கும் மருத்துவமனை என்கிறார். வாதம் படிப்படியாக ஏறி, அபத்தமே நியாயம் போலத் தோன்றும்போதுதான் சிரிப்பு வெடிக்கும். ஹம்ப்ரியின் நீள வாக்கியங்களுக்கு சப்டைட்டில் போட்டுக்கொள்வது நல்லது. பார்வையாளர் சிரிப்பொலி உண்டு, சிலருக்கு உறுத்தும்.

'தி திக் ஆஃப் இட்' (2005-12) வேறு ரகம். கையில் பிடித்த கேமரா, சிரிப்பொலி கிடையாது, பிரதமரின் ஊடகப் பொறுப்பாளர் மால்கம் டக்கரின் வாயில் வசவு மழை. அதிகாரிகளின் இடத்தில் இங்கே ஊடக ஆலோசகர்கள். நான்காம் சீசனின் ஆறாவது எபிசோடு ஒரு மணி நேரம் ஓடும் விசாரணை, ரசிகர்கள் கொண்டாடுவது. ஆனால் அதை மட்டும் தனியே பார்த்தால் யார் எதை மறைக்கிறார்கள் என்றே புரியாது. அதனால் வரிசையாகத்தான் பார்க்க வேண்டும். முதல் இரண்டு சீசனும் தலா மூன்றே எபிசோடுதான்.

என் ஓட்டு ஹம்ப்ரிக்கு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் கேள்வியே இல்லை.