மாதத்தில் 42 நாள் இல்லை: நெருக்கடிக்கால இலங்கையில் உழைப்பும் முன்னேற்றமும்

பாடுபட்டால் பலன் உண்டு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எங்கள் வீடுகளில் அதை யாரும் விவாதித்ததில்லை. ஆனால் 2022 ஆம் ஆண்டு இலங்கையில் வாழ்ந்த எவருக்கும் அந்த நம்பிக்கையைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய நிலை வந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் ரூபா மிதக்கவிடப்பட்டது. அதுவரை 200 ரூபா அளவில் பிடித்து வைக்கப்பட்டிருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாவை எட்டியது. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. உணவுப் பணவீக்கம் மட்டும் 94.9 வீதம். இத்தகைய ஒரு பொருளாதாரத்தில் கடின உழைப்பு மட்டுமே ஒருவரை உயர்த்துமா என்ற கேள்விக்கு, அன்று உழைப்பாளிகளின் முன்னால் இருந்த வழிகளை அருகருகே வைத்துப் பார்ப்பதன் மூலம் விடை தேட விரும்புகிறேன். இருந்த இடத்திலேயே கூடுதலாக உழைப்பது, சொந்தத் துண்டு நிலத்தில் உழைப்பது, கடலில் உழைப்பது, கடல் கடந்து போய் உழைப்பது, கூட்டாகச் சேர்ந்து சம்பளத்தை உயர்த்தக் கேட்பது என்பவையே அந்த வழிகள்.

தோட்டத்தில் நின்று கூடுதலாகக் கொய்தல்

இந்த வழியைப் பற்றியே நான் அதிகம் எழுதப் போகிறேன், ஏனெனில் "உழைத்தால் போதும்" என்ற வாதத்துக்கு இதைவிடக் கடுமையான சோதனை இந்நாட்டில் இல்லை.

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் நாள், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் விடியுமுன் ரொட்டி சுடுவதோடு தொடங்குகிறது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடமான பிரட்டுக்களத்தில் பெயர் பதிந்து, ஒதுக்கப்பட்ட மலைக்கு ஏறி, மாலைக்குள் தோட்டம் நிர்ணயித்த கிலோவை எடுத்தாக வேண்டும். அதனை "நோம்" என்பார்கள். பல தோட்டங்களில் அது 18 கிலோ அல்லது அதற்கும் மேல். அதை எட்டினால் முழுப்பேர். எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். சில ஆண்டுகளுக்கு முன் நுவரெலியா மாவட்டத் தோட்டம் ஒன்றில் மாலை நிறுவையின்போது ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். மழை நாள். ஒரு பெண்ணின் கொழுந்து தராசில் 19 கிலோ காட்டியது. இலையில் ஈரம், சாக்கின் பாரம் என்று இரண்டு கிலோ கழிக்கப்பட்டது. நோமுக்கு ஒரு கிலோ குறைந்துவிட்டது என்பதை அவர் தராசைப் பார்த்தல்ல, துண்டில் எழுதிய எண்ணைப் பார்த்தே புரிந்துகொண்டார். அட்டை கடித்த காலில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கவும் அவருக்கு நேரமில்லை. அவரை யாராவது உழைப்பில் குறைந்தவர் என்று சொல்ல முடியுமா?

இனி எண்களுக்கு வருவோம். 2021 மார்ச்சில் வர்த்தமானி மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டது. 2022 செப்டெம்பரிலும் அது அதே 1,000 ரூபாவாகவே இருந்தது. ஓராண்டுக்கு முன் 25 நாள் வேலையில் வாங்கிய அதே பொருட்களை, 69.8 வீதப் பணவீக்கத்தின்பின் வாங்க வேண்டுமானால் அவர் 42 நாட்களுக்கு மேல் வேலை செய்ய வேண்டும். சம்பளத்தின் பெரும்பங்கு சாப்பாட்டுக்கே போகும் குடும்பத்தில் உணவு விலையையே அளவுகோலாகக் கொள்வது நியாயம். அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய 49 நாள். லயங்களின் அன்றாட உணவான ரொட்டிக்குரிய கோதுமை மாவின் விலையோ மூன்று மடங்கைத் தாண்டியிருந்தது.

நாட்களைக் கூட்ட முடியாவிட்டால் கிலோவைக் கூட்டலாமே என்று கேட்கலாம். நோமுக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் 40 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு விழும் 700 ரூபாப் பள்ளத்தை நிரப்ப 17 கிலோவுக்கு மேல் கூடுதலாக எடுக்க வேண்டும். இன்னொரு நோமையே அதே பகலுக்குள் முடிப்பதற்கு இது சமம். உரம் போடப்படாமலும் களை எடுக்கப்படாமலும் கிடந்த மலைகளில் அவ்வளவு கொழுந்து செடியிலேயே இருக்காது. உழைப்பவரின் மனவுறுதி எத்தகையதாயினும், இலை துளிர்க்கும் வேகத்தை அது மாற்றாது.

அதே இலை, சொந்த நிலம்

இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதியை உற்பத்தி செய்பவை பெருந்தோட்டக் கம்பனிகள் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் காலி, மாத்தறை, இரத்தினபுரி போன்ற மாவட்டங்களின் சிறுதோட்ட உடைமையாளர்களிடமிருந்தே அதிகக் கொழுந்து வருகிறது. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் குடும்பமே கொழுந்தெடுத்து, லொறி வரும் சந்தியில் நிறுத்துக் கொடுக்கிறது. அவர்களுக்குக் கிடைக்கும் பச்சைக் கொழுந்தின் விலை, கொழும்புத் தேயிலை ஏல விலையோடு சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும்.

2021 இல் அந்த ஏலத்தில் ஒரு கிலோ தேயிலையின் சராசரி விலை 620 ரூபா அளவில் இருந்தது. 2022 இல் 1,270 ரூபா அளவுக்கு உயர்ந்தது. உலகம் திடீரென்று இலங்கைத் தேயிலையை இரட்டிப்பாக விரும்பிவிடவில்லை. தேயிலை டொலருக்கு விற்கப்படுகிறது, டொலர் ஏறியது, உற்பத்தியும் குறைந்தது. ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து தேவை. ஆகவே 18 கிலோ கொழுந்து நான்கு கிலோ தூளாகும். 2021 இல் ஏலத்தில் அதன் மதிப்பு 2,480 ரூபா. 2022 இல் 5,080 ரூபா. அந்த 18 கிலோவை எடுத்த தோட்டத் தொழிலாளிக்கு இரண்டு ஆண்டுகளிலும் 1,000 ரூபா. அதே அளவு கொழுந்தைத் தன் நிலத்தில் எடுத்த சிறுதோட்டக்காரருக்கோ, விலை உயர்வில் ஒரு பங்கு கைக்கு வந்தது.

உரம், எரிபொருள், மின்சாரம் ஆகியவற்றின் செலவும் ஏறியது என்று கம்பனிகள் சொல்வதில் உண்மை உண்டு. சிறுதோட்டக்காரரும் அந்தச் சுமையைத் தாங்கியவரே. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் தடை நீங்கியபோது, உரமூட்டையின் விலை அவர் எட்டக்கூடிய உயரத்தில் இருக்கவில்லை. எனினும் இருவரின் விரல்களும் ஒரே வேகத்தில் ஓடின என்பதையும், ஒருவருடைய வருமானம் விலையோடு நகர்ந்தது, மற்றவருடையது கட்டிப்போடப்பட்டிருந்தது என்பதையும் எந்தச் செலவுக் கணக்கும் மறைக்காது.

கடலில்: கூடுதல் உழைப்பே கூடுதல் நட்டமானபோது

யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவுக் கரைகளில் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறுபடகுகள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்த்தப்பட்டது. ஒரு தடவை தொழிலுக்குப் போய்வர 20 லீற்றர் தேவை என்றால், 1,740 ரூபாவாக இருந்த செலவு 6,800 ரூபாவாயிற்று. மீனின் விலையும் ஏறியதுதான், ஆனால் நான்கு மடங்காக ஏறவில்லை. வாங்குபவரின் பையிலும் காசில்லை.

தோட்டத்தில் கூடுதல் உழைப்புக்குப் போதிய பலன் இல்லை. கடலிலோ அது கையிருப்பையும் தின்றது. இன்னும் தூரம் போய், இன்னும் நேரம் நின்று வலை வீசுவதென்றால், படும் பாட்டோடு எண்ணெயும் எரியும். சுறுசுறுப்பானவர் விரைவாகக் கடனாளியாகவும், படகைக் கரையில் கவிழ்த்து வைத்தவர் குறைந்த நட்டத்தோடு தப்பவும் கூடிய ஒரு காலம் அது. இதோடு இந்திய இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துச் சென்ற இரவுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இலங்கை 2017 இல் இழுவைமடி முறையைச் சட்டத்தால் தடைசெய்த பின்னரும் அந்தச் சேதம் நின்றுவிடவில்லை.

கடல் கடந்து: உழைப்பைக் கூட்டாமலே ஏறிய வருமானம்

2022 இல் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். அதன் காரணத்தை ஒரு சிறு கணக்கு காட்டும். வளைகுடாவில் மாதம் 1,000 திர்ஹாம் வாங்கும் பணிப்பெண் அந்தப் பணத்தை அனுப்பினால், 2021 இல் ஏறத்தாழ 54,500 ரூபா வீட்டுக்கு வந்திருக்கும். 2022 மே மாதத்து விலையில் ஏறத்தாழ 98,000 ரூபா வந்திருக்கும். அவர் ஒரு மணி நேரமேனும் அதிகமாக உழைக்கவில்லை. சம்பளம் தரப்படும் நாணயம் மட்டுமே வேறு. கொழும்பில் இருந்தபடி வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதி டொலரில் சம்பளம் பெற்றவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் அந்த வேலைக்குரிய ஆங்கிலமும் கல்வியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைப்பதில்லை.

இந்த எண்ணை மட்டும் வைத்து வெளிநாடே சிறந்த வழி என்று நான் சொல்ல மாட்டேன். போவதற்கே முதல் வேண்டும்; நகை அடகுக்குப் போகும், வட்டிக்குக் கடன் வாங்கப்படும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகளால் உயர்த்திய பின் கடன் இன்னும் கனத்தது. அங்கே போனால் கடவுச்சீட்டு வேலை கொடுப்பவரின் கையில். பிடிக்காவிட்டால் வேலை மாறும் உரிமை பெரும்பாலும் இல்லை. இங்கே தாயின்றி வளரும் பிள்ளைக்கு எந்த நாணயத்தில் ஈடு செய்வது? வருமானத்தை வைத்துப் பார்த்தால் இதுவே முதலிடம் பெறும். வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் அந்த இடத்தை இதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கூட்டாகக் கேட்டல்

1,000 ரூபா நாட்சம்பளக் கோரிக்கைக்காக 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்புடை அணிந்து கொழும்பு காலிமுகத்திடலில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். அது 2021 மார்ச்சில்தான் கிடைத்தது. 2024 மே தினத்தன்று 1,700 ரூபா அறிவிக்கப்பட்டது. கம்பனிகள் நீதிமன்றம் போயின, இடைக்காலத் தடை வந்தது. செப்டெம்பரில் 1,350 ரூபா என்று முடிந்தது. இந்த வழியின் பெருங்குறை அதன் மந்தம். விலைகள் மாதத்துக்கு மாதம் ஏறியபோது சம்பளம் மூன்றரை ஆண்டுகள் காத்திருந்தது. வந்த உயர்வும் இழந்ததை முழுவதும் ஈடுசெய்யவில்லை.

ஆயினும் 1,000 ரூபா 1,350 ரூபாவானபோது, சுறுசுறுப்பானவர், நோயாளி, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் என்ற பேதமின்றி முழுப்பேர் எடுத்த எல்லோருக்கும் 35 வீதம் கூடியது. தனியொருவர் எத்தனை ஆண்டுகள் விரலைத் தேய்த்தாலும் பெற முடியாத உயர்வு அது. கூட்டத்துக்குப் போவதும், சந்தாக் கட்டுவதும், வேலைநிறுத்தத்தில் ஒரு நாள் சம்பளத்தை இழப்பதும் உழைப்பின் வேறு வடிவங்களே என்று நான் கருதுகிறேன்.

எதற்கு எங்கே இடம்

உழைப்புக்கு மதிப்பில்லை என்று இவற்றிலிருந்து யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரே சந்தியில் ஒரே விலைக்குக் கொழுந்து கொடுக்கும் இரு சிறுதோட்டக்காரர்களில், கிளை வெட்டும் கவ்வாத்தும் களையெடுப்பும் தவறாமல் செய்தவரே கூடுதலாக நிறுத்தார். வளைகுடாவுக்குப் போனவர்களிலும் அனுப்பிய பணத்தைச் சிக்கனமாகக் காத்த குடும்பமே அடகு மீட்டது. சமமான நிலையில் நிற்கும் இருவருக்கிடையே வேறுபாட்டை உண்டாக்குவது உழைப்புத்தான். சமமற்ற நிலைகளில் நிற்பவர்களை ஒப்பிட்டு, பின்தங்கியவரிடம் "நீ போதுமானளவு பாடுபடவில்லை" என்று சொல்வதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். உலக வங்கியின் மதிப்பீட்டில் 2021 இல் 13.1 வீதமாக இருந்த வறுமை 2022 இல் 25 வீதமாயிற்று. ஓராண்டுக்குள் இத்தனை இலட்சம் பேர் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று எவரும் வாதிட மாட்டார்கள்.

என்னிடம் வழி கேட்பவருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உழைப்பின் அளவைக் கூட்டுமுன், அந்த உழைப்பின் விலை எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். விலையோடு நகரும் வருமானமானால், அது சிறியதாயினும், கூடுதல் உழைப்பு வீண்போகாது. கட்டிப்போட்ட கூலியானால் முதலில் கட்டை அவிழ்க்க வேண்டும்; அதைத் தனியாக அவிழ்க்க முடியாது. கூடுதல் உழைப்பே கூடுதல் செலவாகும் தொழிலானால், செலவு இறங்கும்வரை கையை அடக்குவதில் வெட்கமில்லை.

மலையகத்துக்கு இதை எடுத்துச் சென்றால் பேச்சு நிலத்தில் வந்து நிற்கும். நாட்சம்பளத்தை ஏல விலையோடோ வாழ்க்கைச் செலவுச் சுட்டெண்ணோடோ இணைப்பது ஒரு வழி. கைவிடப்பட்ட தேயிலை மலைகளைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு உரித்தாகப் பிரித்துக் கொடுத்து அவர்களையும் சிறுதோட்ட உடைமையாளராக்குவது இன்னொரு வழி. இரண்டாவதையே நான் விரும்புகிறேன். தனி வீட்டுத் திட்டங்களில் பல ஆண்டுகளாக ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது 7 பேர்ச் காணி. ஓர் ஏக்கர் என்பது 160 பேர்ச். அந்த ஏழு பேர்ச்சில் வீடு கட்டிய பின், பின்பக்கம் நாலு பாத்தி கரட்டும் லீக்ஸும் போடலாம். சந்திக்கு வரும் லொறியில் ஏற்றி அனுப்பும் அளவுக்குத் தேயிலை நட முடியாது.