மூன்று கிழமை லீவும் ஷொக்வேவும்: மட்டக்களப்புக்குப் போகிற ஆண்களுக்கு

விறைப்புக் குறைபாட்டுக்கு ஷொக்வேவ் (ஒலி அலைச் சிகிச்சை) எடுக்கலாம் என்ற எண்ணத்தோடு லண்டனிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ மட்டக்களப்புக்குப் போகிறவர்கள், அறைக்குள் போனதும் முதலில் மெஷினின் திரையைப் பாருங்கள். அழுத்தம் ‘பார்’ கணக்கில் 1.5, 2.0 என்று இருந்தால் அது ரேடியல் மெஷின். ஒரு சதுர மில்லிமீற்றருக்கு இத்தனை மில்லிஜூல் என்று 0.09 போலச் சின்ன எண் இருந்தால் அது போக்கஸ்ட் மெஷின். சில ரேடியல் மெஷின்கள் வெறும் மில்லிஜூல் என்று 60, 90, 120 எனக் காட்டும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ‘சதுர மில்லிமீற்றருக்கு’ என்ற பகுதிதான் முக்கியம்.

பல ரேடியல் மெஷின்களில் காற்றழுத்தம் ஒரு சின்ன உலோகக் குண்டைக் குழாய்க்குள் தள்ளி முனையில் அடிக்க வைக்கும். தட தடவென்று சுத்தியல் சத்தம் கேட்கும். அழுத்தம் தோலில்தான் அதிகம், உள்ளே போகப் போகச் சிதறிவிடும். குதிக்கால் வலிக்கும் தோள்மூட்டு வலிக்கும் பிசியோதெரபியில் வைத்திருக்கிற மெஷின் அதுதான். போக்கஸ்ட் மெஷின் தண்ணீருக்குள் மின்பொறி, மின்காந்தச் சுருள், கரண்டில் அதிருகிற பீசோ படிகம் ஆகியவற்றில் ஒன்றால் அலையை உண்டாக்கி, தோலுக்குக் கீழே குறித்த ஆழத்தில் குவிக்கும். 2010இல் முதலில் வந்த ஆய்வும் அதற்குப் பிறகு வந்த நல்ல ஆய்வுகளில் பெரும்பாலானவையும் இப்படிக் குவிக்கிற வகை மெஷினில் செய்தவை. அந்த முடிவுகளைச் சுவரில் ஒட்டிவிட்டு ரேடியல் மெஷினால் சிகிச்சை கொடுப்பது நேர்மையில்லை. நகரத்தில் ஒரு தனியார் இடத்தில் இதையேதான் பார்க்க முடிந்தது. விளம்பரத்தாளில் போக்கஸ்ட் படம், மேசையில் 2.0 பார், 10 ஹேர்ட்ஸ் (செக்கனுக்குப் பத்து அடி) காட்டுகிற ரேடியல் மெஷின். கவுண்டரில் இருந்த பிள்ளை, “அண்ணன், பன்னிரண்டு தரத்துக்கும் சேர்த்துக் கட்டினா குறைச்சுத் தாறம்” என்றா. டொக்டர் பார்ப்பதற்கு முன்னமே காசுப் பேச்சு வந்தால் அந்த இடத்தை விட்டு எழும்புங்கள்.

ஊரில் ‘ஷொக்வேவ்’ என்றால் கல் உடைக்கிற மெஷின் என்று எடுப்பவர்களும் உண்டு, கரண்ட் வைப்பது என்று பயப்படுபவர்களும் உண்டு. கரண்ட் அல்ல, ஒலி அலை. சிறுநீரகக் கல்லை உடைக்க 1980இல் மியூனிக்கில் முதன்முதல் மனிதருக்குப் பயன்பட்ட அதே அடிப்படைதான். ஆனால் சக்தி அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். உடைப்பதற்காக அல்ல, இரத்தக்குழாயைத் தூண்டிப் புதுக் குழாய்கள் வளரவைப்பதற்காக.

முதல் ஆய்வு செய்த முறையே இன்றும் அதிகம் பின்பற்றப்படுகிறது: ஒரு தரத்துக்கு 1500 அலைகள். ஆண்குறித் தண்டில் நுனிப்பக்கம், நடு, அடி என்று மூன்று இடம், கீழே இரண்டு பக்கமும் எலும்போடு ஒட்டியிருக்கிற வேர்ப்பகுதியில் இரண்டு இடம். ஒவ்வொன்றுக்கும் 300, நிமிடத்துக்கு 120 என்ற வேகத்தில். எல்லாமாக இருபது நிமிடத்துக்குள் முடியும். மயக்க ஊசி தேவையில்லை, சின்னதாகச் சுண்டுவது போல இருக்கும். வேர்ப்பகுதியில் உள்ள இரண்டு இடத்தையும் விட்டுவிட்டுத் தண்டில் மட்டும் ஓட்டினால் பாதி வேலைதான். ஜெல் தாராளமாகப் பூச வேண்டும். இடையில் காற்றுக் குமிழி இருந்தால் அலை அங்கேயே திரும்பிவிடும், எண்ணிக்கை மட்டும் திரையில் ஓடும். விதைப்பை அலை போகிற வழியில் இருக்கக் கூடாது, கையால் ஒதுக்கிப் பிடிக்கச் சொல்ல வேண்டும்.

இனி லீவுக் கணக்கு. அந்த முறையில் கிழமைக்கு 2 தரம் வீதம் 3 கிழமை, பிறகு 3 கிழமை இடைவெளி, பிறகு மறுபடி 3 கிழமை. மொத்தம் 9 கிழமையில் 12 தரம். மூன்று கிழமை லீவில் 6 தரம்தான் முடியும். 6 தரத்தோடு நிறுத்துகிற முறையும் ஆய்வுகளில் உண்டு, அதனால் அது வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் 12ஐயும் மூன்று கிழமைக்குள் திணித்து, கிழமைக்கு நாலு தரம் வரச் சொல்வது லீவுக்காகச் செய்கிற கணக்கு, உடலுக்காக அல்ல. கொழும்பில் நல்ல மெஷின் இருக்கிறது என்று அங்கே போக நினைத்தாலும், ஒரு வழி 300 கிலோமீற்றருக்கு மேல். கிழமைக்கு இரண்டு தரம் போய் வருவது நடக்கிற காரியமா? கொழும்பில் தங்கிச் செய்வதென்றால் அதைத் தனியாகத் திட்டமிடுங்கள்.

யாருக்கு உதவும்? இரத்தக்குழாய் சம்பந்தமான இலேசான குறைபாடு உள்ளவருக்கு. ஐரோப்பிய யூரோலஜிச் சங்கத்தின், அதாவது சிறுநீர்வழி, ஆணுறுப்பு டொக்டர்மாரின் சங்கத்தின், வழிகாட்டி அவர்களுக்கும் வலுக் குறைந்த பரிந்துரையாகவே சொல்கிறது. அமெரிக்க யூரோலஜிச் சங்கம் 2018இல் இதை ஆய்வு நிலைச் சிகிச்சை என்று வகைப்படுத்தியது. புரொஸ்டேட் முழுதாக எடுத்தவர், பல வருடச் சீனி வருத்தத்தால் நரம்பு பாதித்தவர், விறைப்பின்போது இரத்தம் ஆண்குறிக்குள் தங்காமல் திரும்பி வடிகிறவர் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். காலையில் நல்ல விறைப்பு இருந்து மனைவியோடு மட்டும் இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் மனதில். அதற்கு மெஷின் தேவையில்லை. இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குடிக்கிறவர், இரத்தம் உறையாத வருத்தம் உள்ளவர், அந்த இடத்தில் புற்றுநோயோ கிருமித்தொற்றோ உள்ளவர் எடுக்கவே கூடாது.

இதையெல்லாம் விட, நெஞ்சைத் தொட்டுச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தக் குறைபாடு இருதய வருத்தத்துக்குச் சில வருடங்கள் முந்தி வருகிற அறிகுறியாக இருக்கலாம், ஏனென்றால் ஆண்குறிக் குழாய் இருதயக் குழாயைவிட ஒடுக்கமானது, முதலில் அடைபடும். ஆகவே மெஷினுக்கு முன் யூரோலஜி டொக்டரைச் சனல் பண்ணி, அதாவது நேரம் பதிந்து பார்த்து, பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், டெஸ்டஸ்ரோன் (ஆண் ஹோர்மோன்) பாருங்கள். டெஸ்டஸ்ரோன் காலை 7 முதல் 11 மணிக்குள், வெறும் வயிற்றில். ராவெல்லாம் விமானத்தில் நித்திரையில்லாமல் வந்து அடுத்த நாளே இரத்தம் கொடுத்தால் எண் குறைத்துக் காட்டும். நாலைந்து நாள் பொறுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் அலகைப் பாருங்கள். வெளிநாட்டு ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பயந்தவர்கள் நிறையப் பேர். ஊர் லேப் வெறும் வயிற்றுச் சீனியை 126 (டெசிலீற்றருக்கு மில்லிகிராம்) என்றால் அது லண்டனின் 7.0 (லீற்றருக்கு மில்லிமோல்). மூன்று மாதச் சீனி (HbA1c) 7 சதவீதம் என்றால் அங்கே 53 (மோலுக்கு மில்லிமோல்). டெஸ்டஸ்ரோன் ஒரு மில்லிலீற்றருக்கு 3.5 நனோகிராம் என்றால் ஏறத்தாழ லீற்றருக்கு 12 நனோமோல், அதற்குக் கீழே வந்தால்தான் இரண்டாம் முறை பார்க்க வேண்டும்.

விறைப்புக்கு எடுக்கிற குளிசை வேலை செய்யவில்லை என்றுதான் பலர் மெஷினுக்கு வருகிறார்கள். குடித்த விதத்தைக் கேட்டால் விசயம் தெரியும். காத்தான்குடிப் பிரியாணியை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு சில்டெனாபில் போட்டால் ஒரு மணித்தியாலம் பிந்தும், வேகமும் குறையும். வெறும் வயிற்றில், ஒரு மணித்தியாலம் முன்பு, ஆசை தூண்டப்பட்டால்தான் அது வேலை செய்யும். டடலாபில் என்ற மற்றக் குளிசைக்குச் சாப்பாடு பிரச்சினையில்லை, 36 மணித்தியாலம் வரை நிற்கும். ஆறு தரமாவது சரியாக எடுத்துப் பார்க்காமல் தோற்றுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைக்கிற குளிசையோ வேறு நைட்ரேட் மருந்தோ எடுக்கிறவர் இவற்றைத் தொடவே கூடாது, பிரஷர் விழுந்து உயிர் போகலாம். பெயர் தெரியாத ‘ஆண்மை லேகியத்தில்’ இதே சில்டெனாபிலைக் கலந்து விற்கிற வழக்கம் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது, ஆகவே மூலிகைதானே என்றும் எடுக்க வேண்டாம்.

வெட்கம் பெரிய தடை. ஊரில் ஒராளுக்கு ஒராள் சொந்தம், நம்பரோடு பெயரையும் சத்தமாகக் கூப்பிடுகிற இடங்கள் இருக்கின்றன. பதியும்போது ‘யூரோலஜி’ என்று மட்டும் சொன்னால் போதும், காரணம் கவுண்டரில் சொல்லத் தேவையில்லை. கல்முனையில் வீடு என்றால் மட்டக்களப்பிலும், மட்டக்களப்பில் வீடு என்றால் கல்முனையிலும் சனல் பண்ணுகிறவர்களும் உண்டு. அதில் பிழையில்லை.

டொக்டரின் இலங்கை மருத்துவ சபைப் பதிவு எண்ணைக் கேட்கலாம், மெஷின் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையில் பதிந்ததா என்றும் கேட்கலாம். சிகிச்சை எடுத்தால் ஒவ்வொரு தரத்துக்கும் மெஷினின் பெயர், சக்தி, அலை எண்ணிக்கை, எந்தெந்த இடம் என்று எழுதிக் கையொப்பம் வைத்த தாளை வாங்குங்கள். திரும்பிப் போய் மிச்சத்தை அங்கே தொடர்வதென்றால், அந்தத் தாள் இல்லாமல் எந்த டொக்டரும் விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியாது.