வேலூர் மொட்டை மாடிக்கு எது? காகிதப்பூவா, செம்பருத்தியா, இட்லிப்பூவா?

குளிர் தாங்காத பூச்செடிகளை வளர்க்கும் ஐரோப்பியர்களுக்கு வருஷா வருஷம் ஒரே கவலைதான். உறைபனி விழுவதற்குள் தொட்டிகளைக் கண்ணாடி அறைக்குள் தூக்கி வைத்துவிட வேண்டும். நம் பக்கத்தில் ஊட்டியிலும் டிசம்பர், ஜனவரியில் புல்மேல் பனி உறைகிறது. வேலூரில் மார்கழி விடியற்காலையில்கூட உறைபனி விழுவதில்லை. பனிக்குப் பயந்த செடிகளெல்லாம் இங்கே வருஷம் முழுக்க வெளியிலேயே நிற்கலாம்.

நம் சோதனைக் காலம் மே மாதம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சுற்றியுள்ள பாறைக் குன்றுகளும் தளமும் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில்தான் விடும். போதாக்குறைக்கு, பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. அதனால் பூவின் நிறத்தைப் பார்த்துச் செடி வாங்குவதை வேலூர்க்காரர்கள் விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும்: வீட்டுக் குழாயில் என்ன தண்ணீர் வருகிறது? கத்திரி வெயிலில் யார் மாடி ஏறி அதை ஊற்றப் போகிறார்கள்?

போகன்வில்லா என்கிற காகிதப்பூவை முதலில் எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில்லின் பயணத்தில் கூடச் சென்ற தாவரவியலாளர் கொமெர்சோன் 1767இல் பிரேசிலில் பார்த்துப் பதிவுசெய்த கொடி இது. நாம் பூ என்று சொல்லும் அந்த ரோஸ் நிறப் பாகம் உண்மையில் பூவடி இலை. மூன்று இதழ்களாகத் தெரிவதைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் தீக்குச்சித் தலை அளவில் மூன்று வெள்ளைப் பூக்கள் குழாய் மாதிரி நிற்கும். அவைதான் நிஜப் பூக்கள். வண்ணம் காட்டுவது இலை என்பதால் ஒரு கொத்து வாரக்கணக்கில் நிற்கும். செம்பருத்தி காலையில் மலர்ந்து பெரும்பாலும் மாலைக்குள் சுருண்டுவிடும். மாடியை நிறமாக வைத்திருக்க இந்த ஒரு வித்தியாசம் போதும். போட்டி அங்கேயே முடிந்துவிடுகிறது.

காகிதப்பூவின் பெரிய பலம், வாடவிட்டால்தான் அது பூக்கும். தினம் தண்ணீர், மாதம் தவறாமல் யூரியா என்று செல்லம் கொடுத்தால் பச்சைக் கிளையாக நீட்டிக்கொண்டே போகும்; வண்ணம் வராது. மேல்மண் நன்றாகக் காய்ந்து, இலை லேசாகத் துவளும்போது, தொட்டியின் அடி ஓட்டையில் வழியும்வரை ஊற்றிவிட்டு மறுபடி காயவிட வேண்டும். நம்மூரில் மழை ஓய்ந்த தை தொடங்கிச் சித்திரை வரை வானமே இந்த வேலையைச் செய்துகொடுக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இலை மட்டும் இருந்தால் பதற வேண்டாம். அது அடைமழைக் காலத்து இயல்பு. கொத்து உதிர்ந்ததும் கிளை நுனியை வெட்டிக் கவாத்து செய்தால் புதுத் துளிரில் அடுத்த பூ வரும். ஒரே செடியில் வெள்ளையும் ரோஸும் வேண்டுபவர்கள் மேரி பால்மர் என்று கேட்டு வாங்கலாம்.

குறையும் உண்டு. முள் நன்றாகவே கிழிக்கும்; குழந்தைகள் ஓடியாடும் மாடியில் வழியோரம் வைக்கக் கூடாது. வேர் ரொம்ப நொய்மை. நர்சரியில் தரும் பிளாஸ்டிக் பாக்கெட்டிலிருந்து தொட்டிக்கு மாற்றும்போது மண் உதிர்ந்தால் செடி வாரக்கணக்கில் முடங்கும், சில சமயம் செத்தும் போகும். பாக்கெட்டின் அடியையும் பக்கத்தையும் பிளேடால் கீறி, மண்கட்டி உடையாமல் அப்படியே இறக்குங்கள்.

இனி செம்பருத்தி. வெள்ளிக்கிழமை அம்மனுக்கு ஒரு பூ, எண்ணெய் காய்ச்ச நாலு இலை என்று வீட்டோடு ஒட்டிய செடி இது. அந்த இடத்தைக் காகிதப்பூ ஒருநாளும் பிடிக்க முடியாது. ஆனால் இது தண்ணீர்ச் செடி. மே மாதத்தில் 12 அங்குலத் தொட்டியில் இருக்கும் செம்பருத்திக்குக் காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை வேண்டும். ஒருநாள் மாலை தவறினால் மறுநாளே மொட்டுகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கும். ஊருக்குப் போகிறோம், பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார்கள் என்ற ஏற்பாடெல்லாம் காகிதப்பூவுக்குச் சரிப்படும். செம்பருத்திக்கு அந்த அக்கா தினம் இரண்டு தடவை வர வேண்டும்.

நர்சரியில் தட்டு அகலத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமாகச் சிரிக்கும் ஒட்டுச் செம்பருத்திகளை வேலூர் மாடிக்கு நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். மிதமான ஊரில் வளர்ந்து லாரியில் வருகிற செடி, இங்கத்திய முதல் கோடையில் மொட்டாகக் கொட்டித் தீர்த்துவிடும். ஐந்து இதழ் நாட்டுச் சிவப்புதான் சரி. தெரிந்த வீட்டில் பென்சில் கனத்தில் ஒரு முற்றிய குச்சி கேட்டு வாங்கி ஆடி மாதம் நட்டால் வந்துவிடும். ஏலகிரி மாதிரி ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் இடத்தில் வீடு என்றால் ஒட்டு ரகங்களைத் தாராளமாக வைக்கலாம். அந்தக் குளிர்ச்சியில் பூ கூடுதல் நேரம் நிற்கும்.

செம்பருத்தி வைத்தால் மாவுப்பூச்சியும் கூடவே வரும். மொட்டின் கழுத்திலும் நுனித் துளிரின் மடிப்பிலும் பஞ்சு ஒட்டியது மாதிரி வெள்ளையாகத் தெரியும். துளிர் சுருண்டு முடிச்சாகும். அதற்கும் முன்னால் எறும்புதான் அறிகுறி. தண்டில் எறும்பு வரிசை ஏறி இறங்கினால் மேலே பூச்சி இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பூச்சி விடும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். சுருண்ட நுனியை வெட்டி எறிந்து, குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்து, பிறகு ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறை, பூச்சி ஒழியும்வரை. பகல் வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

மூன்றாவது இட்லிப்பூ. தென்னிந்தியாவே இதன் தாய்நாடு. கொத்துக் கொத்தாகப் பூக்கும், முள் இல்லை, சின்னத் தொட்டியிலும் அடங்கி நிற்கும். இத்தனை இருந்தும் வேலூர் மாடிகளில் பலவற்றில் இது மஞ்சள் பூத்த இலையோடு பரிதாபமாக நிற்கிறது. நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள் என்றால் இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும், சுண்ணாம்பும் உப்பும் கலந்த தண்ணீர் அதை வேர் எடுக்க முடியாதபடி கட்டிப்போட்டுவிடுகிறது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும் உப்பை விரலால் சுரண்டிப் பாருங்கள். இட்லிப்பூவின் வேர் தினம் குடிப்பது அதைத்தான். சிமெண்ட் தொட்டியில் வைத்தால் சுண்ணாம்பு இன்னும் கூடும். மண் தொட்டி போதும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்ஃபேட்) கரைத்து இலைமேல் தெளித்தால் புது இலை பச்சையாக வரும். ஆனால் தண்ணீர் மாறாதவரை மஞ்சளும் திரும்பும்.

இதற்குக் கைகொடுப்பது ஏசி தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டும் தண்ணீர் என்பதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. வெளிக் குழாயின் அடியில் ஒரு வாளி வையுங்கள். இரண்டு இட்லிப்பூத் தொட்டிக்குத் தாராளம். ஆர்.ஓ. கழிவு நீரை மட்டும் இதற்கு ஊற்றிவிடாதீர்கள். வடிகட்டிய உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

என் வரிசை இதுதான். மேற்கு வெயில் நேராக அடிக்கும் கைப்பிடிச் சுவர் ஓரம் காகிதப்பூ, அதிலும் போர் தண்ணீர் வீடென்றால் கண்ணை மூடிக்கொண்டு அதுவே. மதியத்துக்குமேல் நிழல் விழும் பக்கம், ஆள் எப்போதும் இருக்கும் வீட்டில், நாட்டுச் செம்பருத்தி ஒன்று. காவிரித் தண்ணீரோ மழைநீர்த் தொட்டியோ ஏசி வாளியோ உள்ளவர்களுக்கு மட்டும் இட்லிப்பூ. குண்டுமல்லி ஏன் இல்லை என்று கேட்பீர்கள். நாலடி மண் கிடைக்கும் முற்றம் இருந்தால் அதைத் தரையில் வைத்து, நவம்பர் கடைசியில் கவாத்து செய்யுங்கள். பங்குனியிலிருந்து பூப் பறிக்கலாம்.

எந்தச் செடியானாலும் தொட்டியைத் தளத்தில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல்மேல் ஏற்றி வையுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி மே மாதத்தில் வேரை அவித்துவிடும். கோடையில் செடி வாங்க அலைய வேண்டாம். ஆடியில் சாயங்கால இடிமழை இரண்டு விழுந்தபின் நர்சரிக்குப் போங்கள். அங்கேயும் பூ எத்தனை என்று எண்ணாமல் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள், பாக்கெட்டின் அடி ஓட்டையில் வேர் வெள்ளையாக எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள்.